செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? எரர் கோடை அழிக்கும் முன் எழுதி வையுங்கள்

தக்காளியோ வாழைத்தாரோ ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பும் நேரத்தில், டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் மேட்டில் இழுவை இல்லை. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், சிறிய கருவி ஒன்றைச் செருகி, செல்போனில் ஒரு பட்டனைத் தட்டுகிறார்கள். விளக்கு அணைந்துவிடுகிறது. "எரர் அழிச்சாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

அந்தக் கருவிக்கு ஓபிடி ஸ்கேனர் என்று பெயர். செல்போனுடன் புளூடூத்தில் இணையும் சிறிய வகை இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைப்பதால், லோடு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் சொந்தமாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். எரர் கோடை அழிப்பது பழுதை நீக்குவது ஆகாது. இன்ஜின் கணினி தன் நினைவில் எழுதி வைத்த குறிப்பைத் துடைக்கிறோம், அவ்வளவுதான். பழுதைச் சரிசெய்த பிறகு அழித்தால், வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க உதவும். சரிசெய்யாமல் அழித்தால், பழுது எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்த குறிப்பை நாமே இழக்கிறோம். பிறகு மெக்கானிக் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்ப்பார். செலவு உங்களுடையது.

எந்த வண்டிக்குப் பொருந்தும்?

கணினியும் சென்சாரும் உள்ள இன்ஜினுக்கு மட்டுமே ஸ்கேனர். நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 4 விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதியும் நடைமுறைக்கு வந்தன. குட்டியானை, பிக்கப், கார், ஜீப் என எதுவானாலும் பிஎஸ் 6 வண்டி என்றால் ஓபிடி இருக்கும். பிஎஸ் 4 வண்டிகளிலும் பெரும்பாலும் வேலை செய்யும். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும், மலிவான ஸ்கேனர் அந்தக் கணினியுடன் பேசாமல் போகலாம்.

டிராக்டர் விஷயம் வேறு. 50 ஹெச்பிக்குக் குறைந்த டிராக்டர்களில் பெரும்பாலானவை மெக்கானிக்கல் பம்ப் கொண்டவை. அவற்றில் படிப்பதற்குக் கோடே இருக்காது. 50 ஹெச்பிக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 மாசு விதி வந்தபின், கணினி கட்டுப்படுத்தும் சிஆர்டிஐ இன்ஜின்கள் அந்த அளவில் வரத் தொடங்கின. ஆனால் டிராக்டரில் கார் ஸ்கேனர் பொதுவாகப் பயன்படாது. சாக்கெட் பெரும்பாலும் வட்டமாக 9 பின்களுடன் இருக்கும். குறியீட்டு முறையும் வேறு. எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண் எந்தப் பகுதி என்பதையும், இரண்டாவது என்ன வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். பல டிராக்டர்களில் மீட்டர் திரையிலேயே இந்த எண்கள் தெரியும். இரண்டையும் சேர்த்து எழுதி வைத்து சர்வீஸ் ஆளிடம் போனில் சொன்னால், தேவையான உதிரிபாகத்தோடு அவர் வயலுக்கு வர வாய்ப்பு உண்டு.

லாரி, அறுவடை இயந்திரம் போன்ற 24 வோல்ட் வண்டிகளில் கார் ஸ்கேனரைச் செருகவே வேண்டாம். அது 12 வோல்ட்டுக்குச் செய்தது.

செருகுவது எப்படி?

டிரைவர் பக்கம், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 துளைகள் கொண்ட, மேல்பக்கம் அகலமாகவும் கீழ்பக்கம் குறுகலாகவும் உள்ள சாக்கெட் இருக்கும். சிலவற்றில் பியூஸ் பெட்டி மூடிக்குள் மறைந்திருக்கும். ஒரு பக்கமாகத்தான் செருக முடியும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தித் திணிக்க வேண்டாம். பின் வளைந்துவிட்டால் அது தனிச் செலவு.

சாவியை ஆன் நிலையில் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செல்போனின் புளூடூத்தில் ஸ்கேனரை இணைக்கும்போது ரகசிய எண் கேட்டால், பெரும்பாலும் 1234 அல்லது 0000 இருக்கும். ஐபோன் என்றால் சாதாரண புளூடூத் ஸ்கேனர் இணையாது, வைஃபை வகை பார்த்து வாங்க வேண்டும். டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகள் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் முதலில் கோடுகளைப் படிக்கும் பட்டனைத் தட்டுங்கள். 'கிளியர்' அல்லது 'இரேஸ்' என்ற பட்டன் பக்கத்திலேயே இருக்கும். அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில செயலிகள் உறுதியாக அழிக்கவா என்று ஒருமுறை கேட்கும், சில கேட்காது.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி வையுங்கள். அந்த சாக்கெட்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வருகிறது. வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால், செருகிய ஸ்கேனரே பேட்டரியை இறக்கிவிடும்.

கோடு என்ன சொல்கிறது?

ஒரு ஆங்கில எழுத்தும் அதன்பின் நான்கு இலக்கங்களும் வரும். முதல் எழுத்து பவர் என்ற சொல்லின் பி என்றால் இன்ஜின், கியர் தொடர்பானது. சேசிஸ் என்பதன் சி வந்தால் பிரேக், ஏபிஎஸ். பாடி என்பதன் பி வந்தால் ஏர்பேக், கதவு போன்றவை. யு வந்தால் வண்டியில் உள்ள கணினிகளுக்குள் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ் விளக்கையும் ஏர்பேக் விளக்கையும் இதை வைத்து அணைக்கப் பார்த்தால் முடியாது.

எழுத்துக்கு அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. அதன் விளக்கத்தை வேறு நிறுவன வண்டிக்கு எழுதியதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பலரும் தவறிப்போகும் இடம் இதுதான்: கோடில் பெயர் வரும் பாகம்தான் கெட்டுப்போனது என்று எடுத்துக்கொள்வது. உதாரணமாக பி0118 என்ற கோடு, கூலன்ட் வெப்ப சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்கிறது. சென்சார் கெட்டிருந்தாலும் இது வரும். சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்தாலும் இதே கோடுதான் வரும். கப்ளர் கழன்றிருந்தாலும் வரும். பி0113 என்ற காற்று வெப்ப சென்சார் கோடும் அப்படியே. வைக்கோல் போருக்குப் பக்கத்தில், நெல் மூட்டை வைத்த கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால், புது சென்சார் வாங்கும் முன் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை கிடக்கிறதா, ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் சேர்ந்து வந்தால், மூன்று நான்கு சென்சார்கள் ஒரே இரவில் கெட்டிருக்காது. எலி, தளர்ந்த பேட்டரி டெர்மினல், கழன்ற எர்த் ஒயர், வாட்டர் சர்வீஸில் கப்ளருக்குள் புகுந்த தண்ணீர், இந்த நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அழிப்பதற்கு முன்

கோடு உள்ள திரையைப் போட்டோ எடுங்கள். அதோடு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பகுதியையும் திறந்து போட்டோ எடுங்கள். விளக்கு எரியக் காரணமான கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, இன்ஜின் மீது எவ்வளவு பாரம் இருந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். நல்ல மெக்கானிக்குக் கோடைவிட இதுதான் அதிகம் உதவும். சுமையோடு மேடேறும்போது வந்ததா, வீட்டு வாசலில் ஐடிலில் நின்றபோது வந்ததா என்று நாம் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கிளியர் பட்டனைத் தட்டினால் கோடோடு இந்தப் பதிவும் போய்விடும். திரும்ப எடுக்க முடியாது.

'பெண்டிங்' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். கோளாறு ஒருமுறை தென்பட்டது, விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகவில்லை என்பது அதன் பொருள். அறுவடைக் காலத்துக்கு முன் ஒருமுறை ஸ்கேனரைச் செருகி இதைப் பார்த்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. விளக்கு எரியாமலேயே வரப்போகும் தொல்லை தெரிந்துவிடும்.

வாரண்டியில் உள்ள வண்டியில் நீங்களாக அழிக்கவே வேண்டாம். படித்து, போட்டோ எடுத்து, அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அழித்துவிட்டுப் போனால், "எங்கள் கருவியில் ஒன்றும் காட்டவில்லை" என்று அனுப்பிவிட இடம் கொடுத்ததாகிவிடும். வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும், "அழிப்பதற்கு முன் கோடைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கிராமத்து வண்டிகளில் வரக்கூடிய சில கோடுகள்

பி0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. சிஆர்டிஐ வண்டியில் இது வந்தால் பம்ப், இன்ஜெக்டர் என்று பெரிய செலவைப் பற்றிப் பேச்சு வரும். முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். கேனிலும் பேரலிலும் டீசல் வாங்கி வைத்து ஊற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும். பேரலில் பாதி டீசலும் பாதி காற்றும் இருந்தால், இரவுக் குளிரில் உள்பக்கம் நீர் வியர்த்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். பெரும்பாலான ஃபில்டர்களின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். இன்ஜின் ஆறியபின் அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஃபில்டரை மாற்றுங்கள், டேங்கையும் சோதியுங்கள். தண்ணீரோடு ஓட்டிக்கொண்டே கோடை மட்டும் அழித்துவந்தால், அழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் உள்ளே துருப்பிடித்துத் தேயும். ஃபில்டர் விலையில் முடிய வேண்டியது இன்ஜெக்டர் விலையில் போய் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய டிராக்டரில் காற்று எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்துப் பழகியிருப்பீர்கள். சிஆர்டிஐ இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் டீசல் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு கசிவு வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும்.

பி0299 வந்தால் டர்போவிலிருந்து போதுமான காற்று அழுத்தம் வரவில்லை. டர்போ போய்விட்டது என்று சொல்வதற்கு முன், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிப் தளர்ந்திருக்கலாம், அடிப்பக்கம் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது புஸ்ஸென்று காற்றுச் சத்தமும் கேட்கும்.

பி0101 என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் தொடர்பானது. நெல் அறுவடை நேரத்தில் களத்துக்கும் வயலுக்கும் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபில்டரை மாற்றி, பெட்டி மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த சென்சாரின் உள் கம்பி மிக மெல்லியது. துணியால் துடைக்கவோ, கம்ப்ரஸர் காற்று அடிக்கவோ கூடாது. அதற்கென்று தனி கிளீனர் ஸ்பிரே இருக்கிறது.

பி0401 என்றால் இஜிஆர் வழியாகப் புகைக்காற்று போதுமான அளவு திரும்பிப் போகவில்லை. பெரும்பாலும் கரி அடைப்புதான். குறைந்த தூரம், குறைந்த வேகம் என்றே ஓடும் வண்டிகளில் இது வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகும். பி0562 என்றால் மின்னழுத்தம் குறைவு. டெர்மினலைச் சுரண்டி இறுக்கிவிட்டு, இன்ஜின் ஓடும்போது ஸ்கேனரில் வோல்ட் பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12 வோல்ட்டிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. சில புதிய வண்டிகளில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதனால் ஹெட்லைட்டைப் போட்டும் ஒருமுறை பாருங்கள்.

லோடு வண்டிக்குக் கூண்டு கட்ட வெல்டிங் வைக்கிறீர்களா? பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் அடிக்க விடாதீர்கள். இன்ஜின் கணினியே போய்விட வாய்ப்பு உண்டு. அப்புறம் கோடு படிக்கக்கூட வழி இருக்காது.

அழித்த பிறகு எப்போது திரும்பி வருகிறது?

பழுதைப் பார்த்தாயிற்று, ஒயரை ஒட்டியாயிற்று, ஃபில்டரை மாற்றியாயிற்று. இப்போது அழிக்கலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். கிளியர் பட்டனைத் தட்டி, சாவியை ஆஃப் செய்து சற்றுப் பொறுத்து மறுபடி ஆன் செய்து, மீண்டும் ஒருமுறை படியுங்கள். சில வண்டிகளில் அழித்தவுடன் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும். கணினி கற்று வைத்திருந்த அளவுகள் போய்விட்டதால் அப்படி. சற்று ஓட்டினால் சரியாகிவிடும்.

பிறகு கவனிக்க வேண்டியது, கோடு திரும்பி வருகிறதா, வந்தால் எப்போது என்பதுதான். சாவியை ஆன் செய்த உடனே திரும்பி வந்தால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. ஒயர் அறுந்திருக்கும், ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது சென்சார் முழுதாகப் போயிருக்கும். காலி வண்டியில் ஒரு வாரம் வராமல் இருந்து, சுமையோடு மேடேறும்போது மட்டும் வந்தால் டீசல் அழுத்தத்தையோ டர்போ காற்றையோ சந்தேகிக்க வேண்டும். மழை நாளில் மட்டும் வந்தால் கப்ளருக்குள் ஈரம் போகிறது. இந்த விவரத்தைச் சொன்னால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது. அதனால் அழித்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

உண்மையிலேயே பழுது சரியாகிவிட்டால் அழிக்காமலேயே விளக்கு அணையும். கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று முறை வண்டி ஓடிச் சோதனை முடிந்தால், கணினி தானே விளக்கை அணைத்துவிடும். பொதுவாக, இன்ஜின் 40 முறை ஆறிச் சூடாகும்வரை அதே கோளாறு வராமல் இருந்தால் கோடும் நினைவிலிருந்து போய்விடும். எனவே பழுது பார்த்தபின் அவசரமாக அழித்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தால் எரர் போய்விடும் என்பது பழைய வண்டிக்காரர்கள் வைத்தியம். சில வண்டிகளில் போகும், புதிய வண்டிகள் பலவற்றில் போகாது. எப்படியும் கோடைப் படிக்காமல் அழிப்பதுதான் அது.

எப்போது வண்டியை நிறுத்த வேண்டும்?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, வண்டியில் வேறு மாற்றம் எதுவும் இல்லை என்றால் சந்தைக்குப் போய் இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம். அதிக சுமையும் வேகமும் வேண்டாம். பெட்ரோல் அல்லது சிஎன்ஜி வண்டியில் அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள். மின்னுவது நிற்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்துங்கள். பி0300 முதல் பி0304 வரையான கோடுகள் அப்போது வரும். கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்பதைச் சொல்லும். 0 என்றால் குறிப்பிட்ட ஒன்று அல்ல, பலவற்றில் மாறிமாறி வருகிறது.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்ப முள் சிவப்பைத் தொட்டாலோ ஸ்கேனரைத் தேட வேண்டாம். நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள்.

இழுவை திடீரென்று குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகவில்லை என்றால், கணினி இன்ஜினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறது. ஓரமாக நிறுத்திக் கோடை அழித்தால் இழுவை திரும்பி வரலாம். அந்த நம்பிக்கையில் சுமையோடு மலை ஏறக் கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் மறுபடி சக்தி குறைந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் வழி இல்லை, உங்களுக்கும் திருப்ப இடம் இல்லை.

டிபிஎஃப், யூரியா திரவம்: அழித்துப் பயனில்லாதவை

பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அதுவே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் சற்று வேகமாக ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து சொசைட்டிக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டமாகவே இருந்தால் கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். பி2463 கோடு வரும். இதை அழித்தால் விளக்கு அணையும், கரி அங்கேயே இருக்கும். அழித்து அழித்து ஓட்டினால் கடைசியில் வடிகட்டியையே மாற்றச் சொல்வார்கள். அது சில நூறு ரூபாய் விஷயம் அல்ல. வாரம் ஒருமுறையாவது பைபாஸில் 20, 30 நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கு எரிந்தபின் எப்படி ஓட்ட வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கரி எரியும்போது டிபிஎஃப் உள்ளே 600 டிகிரி வரை சூடேறும். அந்த நேரத்தில் வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

சில டீசல் வண்டிகளில் நீல மூடி போட்ட தனி டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது டிஇஎஃப் திரவம். 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும், மீதி தாது நீக்கிய தண்ணீரும் கலந்தது. யூரியாதானே, மூட்டையில் இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வயலுக்கு வாங்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. கிணற்று நீரில் உப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தெளிப்பு முனையை அடைத்து, உள்ளே இருக்கும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். மானிய யூரியாவை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. இந்தத் திரவம் தரமில்லை என்று பி207எஃப் கோடு வந்து, இத்தனை கிலோமீட்டருக்குப் பின் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று மீட்டரில் கணக்கு ஓடத் தொடங்கினால், டேங்கைக் காலி செய்து நல்ல திரவம் ஊற்றுவதுதான் வழி. கோடை அழித்தால் அந்தக் கணக்கு தீராது.

பழைய வண்டி வாங்கும்போது

ஸ்கேனர் வாங்கிய காசு இங்கே ஒரே நாளில் திரும்பிவிடும். விற்பவர் கோடை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது சாதாரணம். விளக்கு எரியாது, ஸ்கேனரிலும் கோடு இருக்காது. ஆனால் அழித்த தடயம் இருக்கும்.

முதலில் சாவியை ஆன் செய்து மீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் செக் இன்ஜின் விளக்கு எரிந்தாக வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆன் நிலையிலேயே எரியவில்லை என்றால் விளக்கைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கிறார்கள்.

அடுத்து செயலியில் 'ரெடினஸ்' என்ற பகுதியைத் திறக்கவும். கணினி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அதில் தெரியும். கோடை அழித்தால் இவையும் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல நாள் ஓடிய வண்டியில் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். பலவற்றில் 'நாட் ரெடி', 'இன்கம்ப்ளீட்' என்று இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரி புதிதா என்று கேளுங்கள், சில நேரம் நியாயமான காரணமும் இருக்கும்.

மூன்றாவதாக, கோடை அழித்த பின் ஓடிய தூரம் என்ற அளவைத் தேடுங்கள். நேரலை அளவுகளின் பட்டியலில், 'டிஸ்டன்ஸ் சின்ஸ் கோட்ஸ் கிளியர்டு' என்ற பெயரில் பல வண்டிகளில் கிடைக்கும். 80,000 கிலோமீட்டர் ஓடிய பிக்கப்பில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்ட வரும் வழியில்தான் அழித்திருக்கிறார்கள். சண்டை போட வேண்டியதில்லை. முன்பணம் கொடுக்காமல், "ஒரு வாரம் நீங்களே ஓட்டுங்க, அழிக்காம வைங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் சுமை ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி, இறங்கியதும் பெண்டிங் பட்டியலைப் படியுங்கள். ஒத்துக்கொள்ளாதவரின் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.